அந்த முடியை ஏன்யா தூக்கிப் போட்டீங்க?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. டேமேஜர் புண்ணியத்துல வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். வாசல்ல ஒரு குட்டிப் பார்சல். அதைப் பார்த்ததும் பசி, தூக்கம், கோபம் எல்லாம் போயே போச்சு. ரெண்டு மாசம் ஓட்டல் சாப்பாட்டைக் குறைச்சு, காசு சேர்த்து வாங்கின மோதிரம் அது.

1843-ல செஞ்சது. 18 காரட் தங்கம், மூணு கிராம் இருக்கும். சுத்திலும் வெள்ளை எனாமல். நடுவுல சுண்டுவிரல் நகத்துல பாதி அளவுக்கு ஒரு முட்டை வடிவக் கண்ணாடி, அதைச் சுத்தி கடுகு மாதிரி முத்துக்கள். கண்ணாடிக்குக் கீழே இளம்பழுப்பு நிறத்துல ஒரு பின்னல். ஒரு குழந்தையோட தலைமுடி. மோதிரத்தோட உள்பக்கம் அந்தக் குழந்தையின் பேர், இறந்த தேதி, வயசு. 4 வருஷம் 2 மாசம்.

இதெல்லாம் விக்கிறவர் போட்டிருந்த போட்டோவுல பார்த்தது. பார்சலைப் பிரிச்சேன். தங்கம் இருக்கு. எனாமல் இருக்கு. முத்து ஒண்ணு கூடக் குறையலை. முடியைக் காணோம். அது இருந்த இடத்துல ரோஸ் கலர் வெல்வெட் பேப்பர்.

கூடவே கையால எழுதின ஒரு சீட்டு. உங்களுக்காக மோதிரத்தைச் சுத்தம் செஞ்சிருக்கேன், இனிமே தயக்கமில்லாம போட்டுக்கலாம்னு. "முடி எங்கே?"ன்னு மெயில் தட்டினேன். மறுநாள் பதில் வந்துச்சு. குப்பையில போட்டாச்சாம். குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சாம். எனக்கு வருத்தம்னா பத்து பவுண்டு திருப்பித் தர்றாராம்.

பத்து பவுண்டு!

அந்தக் கடுப்புல எழுதற பதிவு இது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கொஞ்சம் கொசுவத்தி

நான் லீட்ஸ்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல சனி, ஞாயிறுன்னா பைத்தியம் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை பஸ் பிடிச்சு விட்பி போனேன். யார்க்‌ஷர் கடற்கரையில ஒரு சின்ன மீன்பிடி ஊர். டிராகுலா கதையில வர்ற ஊர்ங்கறதாலதான் போனேன்.

அங்கே மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையக் கறுப்பு நகை. ப்ரூச், வளையல், சங்கிலி, சிலுவை. 'ஜெட்'னு எழுதியிருந்துச்சு. ஏரோப்ளேன் இல்லீங்க, கல். கல்லுன்னு சொல்றதும் தப்பு. சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல விழுந்து புதைஞ்சுபோன மரம் அது. விட்பி மலைச்சரிவுல இருந்து அதைத் தோண்டியெடுத்து, செதுக்கி, மெருகேத்தி நகையாக்கினாங்க. 1851-ல லண்டன்ல நடந்த மாபெரும் கண்காட்சிக்கே போன சரக்கு. 1861 டிசம்பர் 14-ந் தேதி விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட் இறந்துபோனார். ராணி கறுப்பு உடுத்தினாங்க. 1901-ல அவங்க சாகற வரைக்கும், கிட்டத்தட்ட 40 வருஷம், கழட்டவே இல்லை. அரண்மனை கறுத்தா ஊரும் கறுக்கும் இல்லையா? 1870-கள்ல அந்தச் சின்ன ஊர்ல ஆயிரம் பேருக்கு மேல ஜெட் வேலைதான் செஞ்சாங்க.

இதுக்கு மொத்தமா துக்க நகைன்னு பேர். யாராவது இறந்தா அவங்க நினைவாப் போட்டுக்கற நகை. ராணி காலத்துல உச்சத்துக்குப் போச்சே தவிர, வழக்கம் ரொம்பப் பழசு. ஷேக்ஸ்பியர் 1616-ல எழுதின உயில்ல, கூட நடிச்ச மூணு பேருக்கு மோதிரம் வாங்கிக்கச் சொல்லி ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வச்சார். 1649-ல முதலாம் சார்லஸ் மன்னரோட தலையை வெட்டினப்போ, அவர் கட்சிக்காரங்க அவர் உருவம் வச்ச மோதிரத்தை ஒளிச்சு ஒளிச்சுப் போட்டுக்கிட்டாங்க. டைரி எழுதியே பேர் வாங்கின சாமுவேல் பீப்ஸ் 1703-ல போனப்போ நூறு மோதிரத்துக்கும் மேல கொடுத்தாங்க.

அன்னைக்கு விட்பியில ஒரு பழைய சாமான் கடையில 12 பவுண்டுக்கு ஒரு கறுப்பு ப்ரூச் வாங்கினேன். ஜெட்னு நினைச்சுத்தான். வெளியில வந்து பெஞ்சுல உக்காந்து அதையே பார்த்துட்டிருந்தேன். தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தின ஒரு பொண்ணு பக்கத்துல வந்து (அந்த ஊர்ல 1994-ல இருந்து கோத் திருவிழா நடக்குது, அந்தக் கூட்டம்) வாங்கிப் பார்த்துட்டு சிரிச்சாங்க. "ஓரம் பழுப்பா மாறியிருக்கு பாருங்க, இது வல்கனைட். கந்தகம் போட்டுக் கெட்டியாக்கின ரப்பர். அழுத்தித் தேய்ச்சா கந்தக நாத்தம் வரும்"னாங்க. தேய்ச்சேன். வந்துச்சு :) ஜெட் வெளிச்சத்துல பழுக்காது, கையில எடுத்தா இறகு மாதிரி லேசு. 'பிரெஞ்சு ஜெட்'னு விக்கிறது வெறும் கறுப்புக் கண்ணாடி, தொட்டா சில்லுன்னு இருக்கும், கனக்கும். இந்தப் பாடமெல்லாம் அந்தப் பெஞ்சுலதான் படிச்சேன். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் தெளியலை. இப்போ எங்கிட்ட பதினோரு நகை இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நகையா, ஆவணமா?

அந்த 1843 மோதிரத்தை நான் வாங்கினதுக்குக் காரணம் தங்கமும் இல்லை, முத்தும் இல்லை. உள்ளே இருந்த பேர்.

இங்கிலாந்துல 1837 ஜூலை 1-ந் தேதியில இருந்து பிறப்பு, இறப்பை அரசாங்கம் பதிவு பண்ண ஆரம்பிச்சுது. அதோட அட்டவணையெல்லாம் இப்போ இணையத்துல தேடலாம். 1841 ஜூன் 6-ந் தேதி ஒரு சென்சஸ் எடுத்தாங்க, அதுவும் கிடைக்குது. நமக்கு என்ன வேலை? டேட்டாபேஸ்ல தேடறதுதானே சோறு போடுது. மோதிரத்துக்குப் பணம் கட்டின அன்னைக்கு ராத்திரியே உக்காந்தேன். மூணு மணி நேரத்துல அந்தக் குழந்தை கிடைச்சுட்டா. 1841-ல அப்பா, அம்மா, கைக்குழந்தைத் தம்பியோட வரிசையா எழுதியிருக்கு. வயசு 2. அப்பா துணிக்கடைக்காரர். 1843-ல இறப்புப் பதிவு. மோதிரத்துல இருக்கற தேதியும் அதுவும் பொருந்துது. (பேரை இங்கே எழுதப் போறதில்லை. அந்தக் குடும்பத்து வாரிசு யாராவது இருந்தா முதல்ல அவங்களுக்குத் தெரியட்டும். தேடிட்டிருக்கேன்.)

வெள்ளை எனாமல் ஏன்னு யோசிச்சீங்களா? பெரியவங்க இறந்தா வழக்கமா கறுப்பு எனாமல். குழந்தைங்களுக்கும் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் வெள்ளை. சுத்தியிருக்கற முத்து, கண்ணீர். நிறம், கல், எழுத்து, முடி எல்லாத்தையும் சேர்த்து ஒரு அப்பனும் ஆத்தாளும் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான்: இப்படி ஒருத்தி இருந்தா.

1843-ல ஒரு சாதாரணத் துணிக்கடைக்காரர் வீட்டுல போட்டோ கிடையாது. ஓவியம் வரைய வச்சுக் கட்டுப்படி ஆகாது. அந்தக் குழந்தையோட உடம்புல இருந்து மண்ணுக்குப் போகாம மேலே மிச்சமிருந்தது அந்தப் பின்னல் ஒண்ணுதான். 180 வருஷத்துக்கு மேல அது பத்திரமா இருந்துச்சு. ரெண்டு உலகப் போரைத் தாண்டி வந்துச்சு. ஒரு வியாபாரியோட 'சுத்தம்' பண்ற ஆசையைத் தாண்ட முடியலை.

என் கட்சி இதுதான் மக்களே. துக்க நகை பேருக்குத்தான் நகை, உண்மையில ஆவணம். அதை வாங்கற ஆள் முதலாளி இல்லை, காவலாளி. அந்தக் காவல் வேலை வேணாம்னா வாங்காதீங்க. உலகத்துல வேற மோதிரமா இல்லை?

உருக்குறவங்களுக்கு

முடியை எடுத்தவர் பரவாயில்லைன்னு சொல்ற அளவுக்கு இன்னொரு கூட்டம் இருக்கு. மொத்தமா உருக்கறவங்க.

கணக்கு எளிசு. மூணு கிராம் 18 காரட் மோதிரத்துல சுத்தத் தங்கம் 2.25 கிராம். 2005-ல ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 450 டாலர், அப்போ இந்த மோதிரத்துத் தங்கம் 32 டாலர் பெறும். 2025 அக்டோபர்ல அவுன்ஸ் 4000 டாலரைத் தாண்டுச்சு. அதே மோதிரம், அதே தங்கம், 290 டாலர். எனாமல் கொஞ்சம் பேர்ந்து, கண்ணாடி கீறி இருந்தா வாங்கறவன் அவ்வளவு தர மாட்டான். உருக்கறவன் தருவான். சேதாரம்கூடப் பார்க்க மாட்டான். ஆக, தங்கம் ஏற ஏற சாதாரண ஆளுங்களோட மோதிரம் முதல்ல அடுப்புக்குப் போகுது. பிரபுவோட மோதிரம் மியூசியத்துல இருக்கும். துணிக்கடைக்காரர் பொண்ணோட மோதிரம்தான் கரையும்.

சட்டப்படி தப்பான்னா இல்லை. அவன் காசு, அவன் தங்கம். ஆனா அந்த நாட்டுச் சட்டமே ஒரு காலத்துல இதைத் தனி ரகமாத்தான் பார்த்துச்சு. 1738-ல வந்த சட்டம் கல் பதிச்ச நகைகளுக்கெல்லாம் அரசு முத்திரை குத்தறதுல இருந்து விலக்கு கொடுத்தப்போ, துக்க மோதிரத்தை மட்டும் பேர் சொல்லி வெளியே நிறுத்துச்சு. அதனாலதான் பழைய துக்க மோதிரங்கள்ல முத்திரையை வச்சு வருஷத்தைக் கண்டுபிடிக்க முடியுது. வரிசையா வருஷ எழுத்து, ஊர் முத்திரை, உள்ளே பேர், தேதி. இவ்வளவு தகவல் வேற எந்த நகையில இருக்கு?

இப்போ நீங்க கேப்பீங்க, நம்ம வீட்டுல உருக்கலையாடான்னு. உருக்கினோம். எங்க பாட்டி அட்டிகையை அழிச்சுத்தான் அக்காவுக்கு வளையல் செஞ்சாங்க. நம்ம பேச்சுலயே 'நகையை அழிச்சு'ன்னுதான் சொல்றோம். அதுல எனக்கு வருத்தமே இல்லை. நம்மூர் நகை சேமிப்பு. அவசரத்துக்கு அடகு வைக்க, பொண்ணுக்கு மாத்திச் செய்யன்னுதான் பாட்டியே வாங்கினாங்க. கை மாறி உருமாறறதுதான் அதோட வேலை.

துக்க மோதிரம் நேர் எதிர். உயில்ல பணம் எழுதி வச்சு, அந்தப் பணத்தை மோதிரமா மாத்திக்கோன்னு சொல்லிட்டுச் செத்தவங்க அவங்க. மறுபடியும் பணமா மாத்தாதேன்னுதான் அதுக்கு அர்த்தம். அதை உருக்கறது அட்டிகையை அழிக்கறது மாதிரி இல்லை, கல்லறைக் கல்லைப் பேர்த்து அம்மி செய்யற மாதிரி.

'அசிங்கமா இருக்கு'ங்கறவங்களுக்கு

தங்கத்தை வச்சுக்கிட்டு முடியை மட்டும் எடுக்கறவங்க சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணுதான். அருவருப்பா இருக்காம். வாங்கறவங்க பயப்படறாங்களாம்.

அந்தப் பின்னலை எப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சா அப்படிப் பேச வாய் வராது. முடியைச் சோடா போட்ட தண்ணியில கொதிக்க வச்சுக் கொழுப்பெடுப்பாங்க. நீளம் பார்த்துப் பிரிச்சு, சில சில முடியா எண்ணிக் கட்டுவாங்க. சங்கிலி, வளையல்னா நடுவுல ஓட்டை போட்ட வட்ட மேஜையைச் சுத்தி, நுனியில குண்டு கட்டித் தொங்கவிட்டு, கயிறு திரிக்கற மாதிரி மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுவாங்க.

இதுல ஒரு பெரிய பயம் இருந்துச்சு அந்தக் காலத்து ஜனங்களுக்கு. கடைக்காரன் நம்ம வீட்டு முடியைத் தொலைச்சுட்டு வேற யாரோட முடியையாவது வச்சுப் பின்னிக் கொடுத்துட்டா? நம்ம பாஷையில சொன்னா டேட்டா மாறிப்போற பயம். அதனால வீட்டுலயே கத்துக்கிட்டுச் செஞ்சாங்க. அதுக்குன்னே புத்தகங்கள் வந்துச்சு. 1867-ல நியூயார்க்ல மார்க் கேம்ப்பெல் ஒண்ணு போட்டார், 1871-ல லண்டன்ல அலெக்ஸான்னா ஸ்பைட் ஒண்ணு போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. எடுத்துட்டு வந்த பிள்ளை முடிதான் திரும்பி வரணும், வேற முடி வரக் கூடாதுன்னு பதறின தாய்மார்கள். அந்த ஒரு உறுதிக்காகக் கண்ணு வலிக்க ராத்திரி உக்காந்து பின்னினவங்க. அதைத்தான் நம்மாளு இடுக்கியால எடுத்துக் குப்பையில போட்டு, 'சுத்தம் செஞ்சுட்டேன்'னு சீட்டு எழுதறார்.

சரி, பாசம் பேசினா புரியாதுன்னா அறிவியல் பேசுவோம். 1827-ல பீத்தோவன் இறந்தப்போ நினைவுக்கு அவர் முடியை வெட்டி வச்சுக்கிட்டாங்க. அப்படி அவருடையதுன்னு சொல்லப்பட்ட எட்டு முடிக் கத்தைகளை ஆராய்ஞ்சு 2023-ல முடிவு வெளியிட்டாங்க. அஞ்சு அவருடையதுதான்னு தெரிஞ்சுது. கல்லீரல் நோய் வர்றதுக்கான மரபணு வாய்ப்பு இருந்ததும், அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொத்தியிருந்ததும் அந்த முடியில இருந்துதான் தெரிய வந்துச்சு. பல வருஷமா அவர் முடின்னு நம்பி ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஒரு கத்தை, யாரோ ஒரு பொம்பளையோடதுன்னும் தெரிஞ்சுது! யாரோ பொத்திப் பொத்தி வச்ச முடி, 196 வருஷம் கழிச்சு வாயைத் திறந்து பேசுது. இதையா அசிங்கம்ங்கறீங்க?

'பேய் நகை' வியாபாரிகளுக்கு

மூணாவது கோஷ்டி இன்னும் மோசம். இவங்க உருக்கவும் மாட்டாங்க, முடியைத் தொடவும் மாட்டாங்க. அக்டோபர் வந்தா 'அமானுஷ்ய விக்டோரியா நகை', 'ஆவி குடியிருக்கும் லாக்கெட்'னு போட்டு ரெண்டு மடங்கு விலைக்கு விப்பாங்க.

விக்டோரியா காலத்து இங்கிலாந்துல பிறந்த ஆயிரம் குழந்தைக்கு 150 போல ஒரு வயசு முடியறதுக்குள்ள செத்துச்சு. ஏழு தொட்டில்ல ஒண்ணு காலி. இதுல ஆவி எங்கேய்யா வந்துச்சு? பெரும்பாலான நோய்களுக்குத் தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, பல இடத்துல சரியான சாக்கடை வசதி இல்லை. அவ்வளவுதான் கதை.

இன்னொரு விஷயம். முடி வச்ச நகையெல்லாம் துக்க நகையே இல்லை. உயிரோட இருக்கற காதலன் காதலிக்கும், தோழி தோழிக்கும், கப்பல் ஏறிப் போற பையன் அம்மாவுக்கும் முடி வச்சு நகை கொடுத்தாங்க. 'நினைவாக'ங்கற எழுத்தோ, இறந்த தேதியோ, கறுப்பு எனாமலோ, அழுதுட்டே சாயற வில்லோ மரமோ, கல்லறைக் கலசமோ எதுவும் இல்லைன்னா அது காதல் பரிசாகூட இருக்கலாம். சாவுக்கு விலை அதிகம்ங்கறதுக்காக ஒருத்தரோட காதல் பரிசைக் கருமாதி நகை ஆக்கறது என்ன நியாயம்? நியாயத்தைச் சொல்லணும்னா, அந்தக் கோத் பசங்க எவ்வளவோ மேல். பயமுறுத்தற மாதிரி டிரஸ் போட்டாலும் ஒரு ப்ரூச்சைக் கையில வாங்கினா பேரைத்தான் முதல்ல படிக்கறாங்க.

நம்ம ஜனங்களுக்கு

அடுத்தவனையே திட்டிட்டிருந்தா எப்படி? எங்கம்மா போன்ல சொன்னது: "ஏண்டா, ஊரான் வீட்டு எழவு நகையைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுல வைக்கறியே, உனக்குப் பொண்ணு தர்றவன் என்ன நினைப்பான்?" நண்பர்களும் இதையே வேற வார்த்தையில சொல்றாங்க. அமங்கலம், தீட்டு, வெட்டின முடியை யாராவது வீட்டுல வைப்பாங்களா...

அம்மா கோபம் எனக்குப் புரியுது. நம்ம வழக்கத்துல முடி கொடுக்கறது வேண்டுதல், சாவு வீட்டுச் சாமான் விலக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்மூர்ல புருஷன் செத்தா பொண்டாட்டி கழுத்துலயும் கையிலயும் இருந்ததைக் கழட்டினோம். இங்கே அவளுக்குன்னே நகை செஞ்சாங்க. இவங்க உசத்தின்னு சொல்ல வரலை. ரெண்டு வருஷம் அந்தப் பொம்பளை எந்தத் துணி உடுத்தணும், எப்போ சாம்பல் நிறத்துக்கு மாறலாம்னு ஊரே கணக்கு வச்சிருந்துச்சு, அதுவும் கொடுமைதான். ஆனா துக்கத்தை உடம்புல போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்கறது தப்பில்லைன்னு அவங்களுக்குத் தோணிச்சு. இது யார்ம்மான்னு யாராவது கேட்டா பேரைச் சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுது. அதுல என்ன அமங்கலம் இருக்கு?

எனக்கும் ஒரு குட்டு

இவ்வளவு பேசற நான் யோக்கியனான்னா, இல்லை. முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில ஒரு ப்ரூச் வாங்கினேன். கறுப்பு எனாமல், பின்பக்கம் கண்ணாடி, உள்ளே நரைச்ச முடி. அழுக்கா இருக்கேன்னு பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். கண்ணாடி ஓரமாத் தண்ணி உள்ளே இறங்கிடுச்சு. பத்து நாள்ல பூஞ்சை. முடி கறுத்து, பிசுபிசுன்னு ஆகி... அதுல பேர் கூட இல்லை. யாரோட அம்மாவோ, யாரோட பாட்டியோ. அவங்களை நான்தான் ரெண்டாவது தடவை கொன்னேன். அந்த ப்ரூச்சை இன்னும் வச்சிருக்கேன், எனக்குப் புத்தி வரட்டும்னு.

"உன்னை மாதிரி ஆளுங்க வாங்கறதாலதான்டா இந்த வியாபாரமே நடக்குது"ன்னு ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. வாங்கறவங்க இல்லைன்னா எல்லாம் உருக்கற கடைக்குத்தான் போகும்ங்கறது மீதி உண்மை. ஆனா தட்டு தட்டா அடுக்கி வச்சுக்கிட்டு, உள்ளே என்ன பேர் இருக்குன்னு ஒரு தடவை கூடப் படிக்காத சேகரிப்பாளர்களையும் பார்த்திருக்கேன். அவங்களுக்கும் உருக்கறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவுல மிசௌரியில லெய்லா கோஹூன்னு ஒரு அம்மா முடி நகைக்கும் முடி அலங்காரத்துக்கும் தனி மியூசியமே நடத்தினாங்க. 2024-ல அவங்க காலமானாங்க, 2025-ல மியூசியம் மூடிட்டாங்க. அந்தப் பொருளையெல்லாம் சந்தையில கொட்டாம வேற மியூசியங்களுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கற வேலையை அவங்க குடும்பம் எடுத்துக்கிச்சு. சேகரிக்கறதுன்னா அதுதான். நமக்கு அப்புறம் இது எங்கே போகும்னு யோசிக்கறதும் சேர்த்துத்தான்.

அதனால வாங்கறவங்க, விக்கிறவங்க எல்லார் காலையும் பிடிச்சுக் கேக்கறேன்:

முடி பிடிக்கலைன்னா அந்த நகையை வாங்காதீங்க, விக்காதீங்க.

தண்ணியில போடாதீங்க. அல்ட்ராசானிக் மெஷின் கூடவே கூடாது. காய்ஞ்ச மெத்துத் துணியால துடைச்சாப் போதும். விரல் அளவுக்கு மாத்தறேன்னு சூடு காட்டினா எனாமல் தெறிச்சுடும்.

பேர், தேதி, முத்திரை இருந்தா எல்லாத்தையும் போட்டோ எடுத்து எழுதி வைங்க. முடிஞ்சா பதிவேட்டுல தேடுங்க. கிடைச்சதைச் சீட்டுல எழுதி நகையோடவே வைங்க. விக்கும்போது சீட்டையும் சேர்த்துக் கொடுங்க.

தெரியாத நகையைத் துக்க நகைன்னு அடிச்சு விடாதீங்க.

அவ்வளவுதான். பெரிய தியாகம் ஒண்ணும் இல்லை.

இந்தப் புலம்பலைக் கேட்ட சேகரிப்பாளர் ஒருத்தர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "பழைய முடி தனியா விக்கிறாங்க. அதே நிறத்துல கொஞ்சம் வாங்கிப் பின்னி உள்ளே வச்சுடு. யாருக்கும் தெரியாது, விலையும் குறையாது." 180 வருஷம் முன்னாடி ஒரு தாய் எதை நினைச்சுப் பயந்தாளோ, அதை நான் செய்யணுமாம்!

செய்ய மாட்டேன். ரோஸ் வெல்வெட் பேப்பரை மட்டும் எடுத்துட்டேன். மோதிரம் நடுவுல காலியாத்தான் இருக்கு. கூட ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கேன். குழந்தையோட பேர், ஊர், அப்பா, அம்மா, தம்பி பேர், பதிவேட்டு எண். கடைசி வரி: இதில் அவளுடைய முடி இருந்தது, இளம்பழுப்பு நிறம், விற்றவர் எடுத்து எறிந்துவிட்டார். விக்கிறவர் போட்டிருந்த பழைய போட்டோவையும் பிரின்ட் போட்டுப் பின்னாடி ஒட்டியிருக்கேன்.

பி.கு. 1: ஏன் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கலைன்னு கேப்பீங்க. அனுப்பினா அது அடுத்து எங்கே போகும்னு மேலே கணக்கோட எழுதியிருக்கேன். அந்தப் பத்து பவுண்டையும் வாங்கலை.

பி.கு. 2: வழக்கம்போல கும்மி அடிக்கறவங்க அடிக்கலாம். ஆனா "உன் முடியை வச்சு யாரும் மோதிரம் செய்ய முடியாது, தலையில இருந்தாத்தானே"ன்னு பின்னூட்டம் போட நினைக்கறவங்களுக்கு: ஆபீஸ்ல இதை ஏற்கனவே நாலு பேர் சொல்லிட்டாங்க :(